நாயும் பிரம்பும்

நாலடியாரில் ‘நட்பாராய்தல்’ என்னும் அதிகாரத்தில் வரும் பாட்டொன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பிற் படிப்பித்திருக்கின்றேன். யானையைப் போன்றவரின் நட்பை விலக்கி, நாயைப் போன்றவரின் நட்பைத் தழுவிக்கொள்ள வேண்டும்; யானை நெடுநாட் பழகியிருந்தும் தன் பாகனையே கொல்லும், நாயோ தன்மீது எறியப்பட்ட வேல் உடம்பிலே தைத்து நிற்கையிலும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு யாவும் சொல்லியாயிற்று. நாயின் நன்றியை வியந்து மாணாக்கர் எழுதிய கட்டுரைகளுக்குப் புள்ளியும் இட்டாயிற்று. அந்த வேலினை எறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்று ஒரு மாணாக்கனாவது கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அக்கேள்வியை என்னுள் எழுப்பியது எங்கள் வீட்டு நாய்.

ரைகர் வெறும் ஊர் நாய். செம்மஞ்சள் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். அது குட்டியாய் வந்த நாளில், நாய் பழக்குவது பற்றி எனக்கிருந்த அறிவெல்லாம், பிழை செய்தால் அடிக்க வேண்டும் என்பதோடு முடிந்திருந்தது. ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது, விறாந்தையில் வைத்துவிட்டுப் போன தவணைப் பரீட்சை விடைத்தாட் கட்டு முற்றமெங்கும் கிழிந்து கிடந்தது. ரைகர் மாமரத்தடியில் நல்ல நித்திரை. “ரைகர், வா” என்றேன். வாலையாட்டிக்கொண்டு ஓடி வந்தது. பூவரசங் கம்பால் நாலு அடி கொடுத்தேன். பிறகொருமுறை செருப்பு, இன்னொருமுறை அயல்வீட்டுக் கோழி. ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றே: பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தது, அடித்தேன்.

தாளைக் கிழிக்கலாகாது என்ற பாடத்தைக் கற்பித்துவிட்டதாக எண்ணியிருந்தேன். ‘வா’ என்றால் அடி என்ற பாடத்தையே அது கற்றுக்கொண்டது. கற்றதிற் பிழையேயில்லை, நான் உண்மையிற் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். தாளைக் கிழித்தபோது நான் அங்கிருக்கவில்லை. அடித்தபோது அது செய்துகொண்டிருந்த காரியம் என்னிடம் வந்ததொன்றே. அமெரிக்க உளவியலாளர் எட்வேட் தோண்டைக் 1898ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றிற் பூனைகளைப் பெட்டிகளுள் அடைத்துவைத்துப் பார்த்தார். கதவைத் திறக்கும் செயலை ஒரு பூனை தற்செயலாகச் செய்து வெளியே வந்து உணவைப் பெற்றுவிட்டால், அடுத்தடுத்த முறைகளில் அச்செயலை விரைவாகச் செய்தது. எச்செயலோடு இன்பம் ஒட்டிவருகிறதோ அச்செயல் வளரும். எதனோடு துன்பம் ஒட்டிவருகிறதோ அதனை உயிர் தவிர்க்கும். ஒட்டிவருதல் என்பதே இங்கு உயிர்நிலை. அரைமணி நேரம் கழித்து வரும் அடி எதனோடும் ஒட்டுவதில்லை, அடிப்பவனோடு மட்டுமே ஒட்டும்.

“அப்படியாயின், அதட்டும்போது நாய் தலையைக் குனிந்து குற்றவாளி போல் நிற்பதேன்? செய்த பிழை அதற்குத் தெரிந்துதானே!” என்பார் உளர். நானும் அவ்வாறே வாதாடியவன். அலெக்சாந்திரா ஹோறோவிற்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2009இல் இதனைச் சோதித்து வெளியிட்டார். தின்னக்கூடாத உணவைத் தின்ற நாய், தின்னாத நாய் என்ற வேறுபாடு அந்த முகத்திற் காணப்படவில்லை. எசமானர் ஏசினாரா இல்லையா என்பதே காணப்பட்டது. ஒன்றுமறியாத நாயும் ஏச்சுக் கேட்டதும் குற்றவாளி முகங் காட்டிற்று. இதனை வாசித்த அன்று வகுப்பறையில் நான் கண்ட எத்தனையோ குனிந்த தலைகள் என் நினைவுக்கு வந்தன. பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென 2005இல் கல்வியமைச்சின் சுற்றறிக்கை வந்தது. பிரம்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வீட்டுக் கூரையிற் செருகியிருந்த பூவரசங் கம்பைப் பற்றிச் சுற்றறிக்கை ஒன்றும் கூறவில்லை.

அந்தக் கம்பின் பலன் ஒரு காலைப்பொழுதில் தெரிந்தது. படலை திறந்து கிடக்க, ரைகர் தெருவின் நடுவே நின்றது. வளைவில் லொறியின் இரைச்சல் கேட்டது. “ரைகர், வா!” என்று உரத்துக் கத்தினேன். அது திரும்பிப் பார்த்தது. வரவில்லை. வாலைத் தாழ்த்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று என் கைகளைப் பார்த்தது, கையிற் கம்பு இருக்கிறதா என்று. சாரதி பிறேக்கை அழுத்தியதால் உயிர் தப்பியது. பின்னங்கால் ஒன்று போயிற்று. அதன்பின் எட்டாண்டு காலம் எங்களோடு வாழ்ந்தது. என் மனைவி கூப்பிட்டால் நொண்டி நொண்டி மடிவரை வரும். நான் கூப்பிட்டால் நாலு முழத் தூரத்தில் நின்று வாலைக் குழைக்கும்.

நிற்க. நாயை அடக்க, “நானே தலைவன்” என்று மனிதன் காட்ட வேண்டும், ஓநாய்க் கூட்டத்தில் அப்படித்தான் என்று சொல்லும் கொள்கையொன்று இன்றும் உலவுகின்றது. அக்கருத்தைப் பரப்பிய நூல்களுள் ஒன்றை 1970இல் எழுதிய டேவிட் மெக் என்பவரே, 1999இல் அதனைத் திருத்தி எழுதினார். காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமேயன்றிச் சண்டையில் வென்று தலைமை பிடிக்கும் படையன்று என்பதே அவர் கண்டது. ஆசிரியர் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். அதை நம்பியவர்கள் இன்னும் திருந்தவில்லை.

நம் முன்னோர் நாய்க்கு வகுப்பா நடத்தினர் என்று கேட்கலாம். அக்காலத்து நாய் ஒழுங்கையெல்லாம் திரிந்து, வருவோர் போவோரைக் கண்டு, தானாகவே உலகத்தைக் கற்றது. இன்று மதிலும் இரும்புக் கேற்றும் பகல் முழுதும் சங்கிலியுமாக அதனை வைத்திருக்கின்றோம். ஒன்றையும் காட்டாமலே எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமென்றும் எதிர்பார்க்கின்றோம். “ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பழக்கலாம்” என்பதும் தவறு. ஸ்கொற், புல்லர் என்னும் இருவர் நெடுங்காலம் நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலமே குட்டி மனிதரோடு ஒட்டுவதற்கு உகந்ததெனக் காட்டினர். எனவே குட்டி வீட்டுக்கு வந்த நாளே முதல் நாள்.

எங்கிருந்து தொடங்குவது? வீட்டாரிடமிருந்து. எங்கள் வீட்டில் ரைகரை அழைக்க நான் ‘வா’ என்பேன், மகன் ‘கம்’ என்பான், மகள் ‘ஓடியா’ என்பாள், பேரனோ சீழ்க்கை அடிப்பான். நாய்க்கு ஆங்கிலம்தான் விளங்கும் என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றியிருப்பது வேடிக்கை. தமிழைக் காக்க மேடையில் முழங்குபவர் வீட்டிலும் நாய்க்கு மட்டும் ‘ஸிற்’தான். அதற்கு எந்த மொழியும் ஓசையே. ‘இரு’, ‘வா’, ‘நில்’ என்ற மூன்று சொற்களை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே மாதிரிச் சொல்ல உடன்பட்டால் போதும். நாயைப் பழக்குவதிலும் பேரனை உடன்படச் செய்வது கடினமென்பதை அனுபவத்தாற் கூறுகின்றேன்.

ரைகர் இறந்து ஓராண்டின் பின் வந்த குட்டியை இம்முறை வேறுவிதமாகத் தொடங்கினேன். அவித்த ஈரலைப் புளியங்கொட்டையளவு துண்டுகளாக்கி, ஒன்றை அதன் மூக்கருகே பிடித்து மெல்லத் தலைக்கு மேலாகப் பின்புறம் உயர்த்தினேன். மூக்கு மேலே போகப் பின்புறம் தானே தாழ்ந்து தரையைத் தொட்டது. தொட்ட அக்கணமே “நல்லது” என்று சொல்லித் துண்டைக் கொடுத்தேன். கணம் தப்பினால், குட்டி எழுந்து துள்ளியதற்கே கூலி கொடுத்தவனாவேன். இப்படிச் சில நாள். செயல் உறுதியான பின்னரே ‘இரு’ என்ற சொல்லைச் சேர்த்தேன். காலையும் மாலையும் உணவுக்கு முன் ஐந்து நிமிடத்துக்கு மேற் செல்லவில்லை. ‘வா’ என்பதை முதலில் இரண்டடி தூரத்திலிருந்தும், பின் முற்றத்தின் அந்தத்திலிருந்தும் பழக்கினேன். குளிப்பாட்டவோ கட்டவோ வேண்டுமாயின் கூப்பிடுவதில்லை; நானே எழுந்து அதனிடம் போவேன். அச்சொல்லில் ஒரு கெட்ட நினைவும் படியலாகாதென்று வீட்டிற் கட்டளை.

காதைத் தொடவும், வாயைத் திறக்கவும், பிடித்து நிறுத்தவும் இப்படியே பழக்கினேன். இது விளையாட்டன்று. பிடிக்க முடியாத நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடுவது யார்? “கடிக்கும், கிட்டப் போகவேண்டாம்” என்று பெருமையாகச் சொல்லி ஆண்டுதோறும் ஊசியைத் தவறவிடும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உள. அந்நோய்க்குறி வெளிப்பட்டபின் மனிதனைக் காப்பது ஏறக்குறைய இயலாத காரியம். நாய் பழக்கப்படாமையின் விலையை அயல்வீட்டுப் பிள்ளையும் கொடுக்க நேரலாம்.

குட்டிக்கு இப்போது ஐந்து மாதம். தாளும் கிழிக்கிறது, விடைத்தாள் திருத்தும் காலம் எனக்கு முடிந்துவிட்டமையால் பத்திரிகையைக் கிழிக்கிறது. இக்கட்டுரை அச்சாகும் தாளும் தப்பாதென்றே எண்ணுகின்றேன். நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையிற் படலை திறந்து கிடப்பதையும் குட்டி தெருவோரம் நிற்பதையும் கண்டேன். எழுந்தோடாமல், இருந்த இடத்திலிருந்தே “வா” என்றேன். காது இரண்டும் பின்னே படிய, ஒரே ஓட்டமாக வந்து காலடியில் இருந்தது. ஈரற்றுண்டு கையில் இருக்கவில்லை. கோப்பையில் இருந்த அவித்த முட்டையிற் பாதியைக் கொடுத்தேன்.