கடவுச்சொல் ஹாஷ் முறைகளை வலுப்படுத்தல்

கடவுச்சொல் ஹாஷ் முறைகளை வலுப்படுத்தல் என்பது, ஒரு வழங்கியின் பயனர் சரிபார்ப்பில் உள்ள வலுக்குறைந்த ஹாஷ் முறைக்கு மாற்றாக வலுவான முறை ஒன்றைச் சேர்க்கும் பணியைக் குறிக்கும். 2025 ஏப்ரலில் வெளியான வேர்ட்பிரஸ் 6.8 பதிப்பு, 2008 முதல் பயன்படுத்தி வந்த எம்டி5 அடிப்படையிலான முறையை விடுத்துப் பிகிரிப்ட் முறைக்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 18 தரவுத்தள மென்பொருள், எம்டி5 கடவுச்சொற்களுக்கான ஆதரவு பிற்காலத்தில் நீக்கப்படும் என அறிவித்தது. புதிய முறையைச் சேர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஏற்கனவே சேமிக்கப்பட்டுள்ள கடவுச்சொற்களைப் புதிய முறைக்குக் கொண்டு வருவதே இம்மாற்றங்களின் கடினமான பகுதியாகும்.

தேவை

முறையாக அமைக்கப்பட்ட வழங்கி, பயனரின் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஒருவழிச் சார்பு ஒன்றின் மூலம் பெறப்படும் ஹாஷ் மதிப்பையே சேமிக்கின்றது. அரைத்த மாவிலிருந்து மீண்டும் அரிசியைப் பெற முடியாதது போல, ஹாஷ் மதிப்பிலிருந்து கடவுச்சொல்லை நேரடியாகப் பெற இயலாது. பயனர் புகுபதிகை செய்யும்போது, அவர் தந்த சொல் மீண்டும் ஹாஷ் செய்யப்பட்டு, சேமித்த மதிப்புடன் ஒப்பிடப்படும்.

தரவுத்தளத்தைத் திருடியவரும் இதே வழியையே பின்பற்றுகிறார். மக்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் சொற்களை ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். எனவே ஒரு முயற்சிக்கு ஆகும் நேரமே பாதுகாப்பின் அளவாகும். எம்டி5, எஸ்எச்ஏ-1 போன்றவை விரைவாக இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. கோப்புகளைச் சரிபார்ப்பதற்கு அவ்விரைவு நன்மை; கடவுச்சொற்களுக்கு அதுவே குறைபாடு. இன்றைய வரைகலைச் செயலி ஒன்று இத்தகைய ஹாஷ்களை நொடிக்குப் பல நூறு கோடி அளவில் கணிக்க வல்லது.

ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இருவருக்கு ஒரே ஹாஷ் மதிப்பு அமையாதிருக்க, ஒவ்வொரு பயனருக்கும் ஏதேச்சையான எழுத்துத் தொடர் ஒன்று சேர்க்கப்படும். இது உப்பு எனப்படும். 2012 இல் லிங்க்டுஇன் தளத்திலிருந்து கசிந்த சுமார் 65 இலட்சம் எஸ்எச்ஏ-1 ஹாஷ்களில் உப்புச் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அதே ஊடுருவலில் திருடப்பட்ட சுமார் 11.7 கோடி கணக்குகளின் விபரங்கள் 2016 இல் விற்பனைக்கு வந்தன.

வரலாறு

யுனிக்ஸ் இயங்குதளத்தின் கடவுச்சொல் முறையை ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகியோர் 1979 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். உப்பும், கணிப்பை வேண்டுமென்றே மெதுவாக்கும் 25 சுற்றுகளும் அதில் இருந்தன. ஆயினும் கணினிகளின் வேகம் வளர்ந்தபோது அச்சுற்றுகள் போதாமல் போயின. 1999 இல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மசியரேஸ் ஆகியோர் முன்வைத்த பிகிரிப்ட் முறையில், கணிப்பின் கடினத்தை நிர்வாகியே காலப்போக்கில் உயர்த்திக்கொள்ளலாம். 2009 இல் கொலின் பெர்சிவல் உருவாக்கிய எஸ்கிரிப்ட், நேரத்துடன் மிகுந்த நினைவகத்தையும் கோரியது. 2013 இல் அறிவிக்கப்பட்ட கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் ஆர்கன்2 2015 இல் வெற்றி பெற்றது.

பழைய கணக்குகளை மாற்றும் வழிகள்

பயனரின் கடவுச்சொல்லை வழங்கி அறியாது. ஆகவே பழைய ஹாஷைப் புதிய ஹாஷாக நேரடியாக மாற்ற இயலாது. நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, புகுபதிகையின்போது மாற்றுதல். பயனர் கடவுச்சொல்லைத் தரும் அக்கணத்தில் வழங்கி அதைப் புதிய முறையில் ஹாஷ் செய்து சேமிக்கும். வேர்ட்பிரஸ் 6.8 இவ்வழியைப் பின்பற்றுகிறது. ஆனால் மீண்டும் வராத பயனரின் பழைய ஹாஷ் என்றும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, பழைய ஹாஷின் மேல் புதிய ஹாஷ் இடுதல். எம்டி5 மதிப்பையே உள்ளீடாகக் கொண்டு பிகிரிப்ட் கணிக்கப்படுவதால், எல்லாக் கணக்குகளையும் ஒரே நாளில் மாற்றலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இதற்கான வசதி உண்டு. எனினும் உள்ளே இருப்பது உப்பற்ற எம்டி5 எனில், வேறு தளங்களிலிருந்து கசிந்த எம்டி5 பட்டியல்களைக் கொண்டு அதைச் சோதிக்கலாம். ஆதலால் இதனையும் இடைக்கால ஏற்பாடாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொல்லைப் புதிதாக அமைக்கக் கோருதல். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் எம்டி5 சரிபார்ப்பில் கடவுச்சொல் வழங்கியை வந்தடைவதே இல்லை. எனவே அங்கு முதல் வழி பயன்படாது. 2017 இல் 10 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஸ்கிராம் முறை 2021 இல் இயல்பிருப்பானது. அதற்கு மாற விரும்பும் நிர்வாகிகள் கடவுச்சொற்களை மீண்டும் அமைக்க வேண்டியுள்ளது.

ஆஷ்லி மேடிசன் நிகழ்வு

வலுவான முறை இருந்தும் எஞ்சிய பழைய தரவினால் பாதுகாப்புக் குலைந்ததற்கு 2015 இல் நிகழ்ந்த ஆஷ்லி மேடிசன் தரவுக் கசிவு எடுத்துக்காட்டாகும். 3.6 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் பிகிரிப்ட் முறையில் காக்கப்பட்டிருந்தன. ஆனால் அதே தரவுத்தளத்தில், சுமார் 1.5 கோடி கணக்குகளுக்கு, கடவுச்சொல்லைச் சிற்றெழுத்தாக்கி எம்டி5 மூலம் கணித்த வேறொரு மதிப்பும் விடப்பட்டிருந்தது. ஆய்வுக் குழு ஒன்று பிகிரிப்ட்டை விடுத்து இம்மதிப்புகளைச் சோதித்து, சில நாட்களிலேயே 1.1 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களைக் கண்டறிந்தது.

72 பைட்டு வரம்பும் தமிழும்

பிகிரிப்ட் கடவுச்சொல்லின் முதல் 72 பைட்டுகளை மட்டுமே கருத்திற்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டுகள் தேவை. பெரும்பாலான உயிர்மெய்கள் இரு குறியீடுகளால் ஆனவை. "திருவள்ளுவர்" என்னும் ஏழெழுத்துப் பெயர் 12 குறியீடுகளாகி 36 பைட்டுகளை எடுக்கும். அதே நீளமுள்ள மற்றொரு சொல் சேர்ந்தால் வரம்பு முடிந்துவிடும். அதற்குப் பின் தட்டச்சிடுபவற்றைப் பல செயலாக்கங்கள் எச்சரிக்கை இன்றியே விட்டுவிடுகின்றன. தமிழில் நீண்ட சொற்றொடரைக் கடவுச்சொல்லாக வைப்பவர் தாம் எண்ணும் பாதுகாப்பைப் பெறுவதில்லை. வேர்ட்பிரஸ் 6.8 கடவுச்சொல்லை முதலில் எஸ்எச்ஏ-384 மூலம் சுருக்கி, 64 எழுத்துகளாக்கி, அதன் பின்னரே பிகிரிப்ட்டிற்குத் தருவதால் இச்சிக்கல் அங்கு எழுவதில்லை.

செலவு

வலுவான முறையின் சுமை வழங்கியையும் சாரும். பரவலாகப் பரிந்துரைக்கப்படும் ஆர்கன்2 அமைப்புகளுள் ஒன்று ஒரு சரிபார்ப்பிற்குச் சுமார் 19 மெகாபைட்டு நினைவகத்தைக் கோருகிறது. 100 பேர் ஒரே வேளையில் புகுபதிகை செய்தால் ஏறத்தாழ 1.9 கிகாபைட்டு தேவைப்படும். மேலும் எல்லா வழங்கிகளிலும் ஆர்கன்2 நிறுவப்பட்டிருப்பதில்லை. வேர்ட்பிரஸ் அதனை இயல்பிருப்பாகத் தேர்ந்தெடுக்காமைக்கு இதுவே காரணமாகக் கூறப்பட்டது.

மதிப்பீடு

மாற்றம் முழுமையடைவது புதிய முறை சேர்க்கப்பட்ட நாளிலன்று. கடைசிப் பழைய ஹாஷ் நீங்கும் நாளிலேயே. இன்றைய ஹாஷ் மதிப்புகள் பலவற்றின் முன்னொட்டு, அவை எம்முறையில் உருவானவை எனக் காட்டும். அதனைக் கொண்டு எஞ்சியவற்றை நிர்வாகி எண்ண முடியும். குறிப்பிட்ட காலத்திற்குப் பின்னும் மாறாத கணக்குகளின் ஹாஷை நீக்கிவிட்டால், அப்பயனர் திரும்பும்போது மின்னஞ்சல் வழியாகப் புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம். கைவிடப்பட்ட கணக்கின் கடவுச்சொல்லையே அதன் உரிமையாளர் இன்றும் தம் மின்னஞ்சலுக்கோ வங்கிக் கணக்கிற்கோ பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும். ஆகையால் அக்கணக்குகள் எவருக்கும் பயனற்றவை எனக் கருதி விட்டுவிடுதல் பொருந்தாது.