தாளில் உள்ள எழுத்து



ஷா ஆலம் என்றதும் மூத்தவர்களுக்குச் சுங்கை ரெங்கம் தோட்டம் நினைவுக்கு வரும். பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் எழுந்த நகரம் அது. இளையவர்களுக்கோ, 1994இல் திறந்த காற்பந்து அரங்கம்.

அங்கே சிலாங்கூருக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்கள் இங்கிலாந்து ஆட்டத்தையும் விடுவதில்லை. மொரின்யோவை அவர்களுக்குத் தெரியும். 2007இல் விலகிய அந்தப் பழைய பயிற்றுநரை, செல்சி குழு 2013இல் நான்காண்டு ஒப்பந்தத்தில் திரும்ப அழைத்தது. 2015 மே மாதம் லீக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். ஆகஸ்டில் இன்னும் நான்காண்டுக்குக் கையெழுத்து. டிசம்பரில் வேலை போய்விட்டது!

ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. அவருக்கும் உதவியாளர்களுக்கும் சேர்த்து 8 மில்லியன் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது.

அவ்வளவு பெரிய தொகை நமக்கு ஏது என்கிறீர்களா? நமக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆட்குறைப்பில் வேலை போனால், 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். முப்பது ஆண்டு மரம் சீவியவருக்கு 600 நாள் சம்பளம் வர வேண்டும்.

ஆகவே, சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கிராணியார் நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன், வேலைக்குச் சேர்ந்த தேதி சரியா என்று பாருங்கள். படிக்கும் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் சங்கத்தில் கேளுங்கள்.

கிண்ணம் வென்றவருக்கே கடைசியில் கைகொடுத்தது தாளில் இருந்த எழுத்துத்தான்.