ஒகேனக்கல் தண்ணீரும் 29 காசுக் கணக்கும்

தருமபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் நடுவயதைத் தாண்டிய பலரின் பற்களைப் பார்த்தாலே அந்த ஊர்த் தண்ணீரின் கதை தெரிந்துவிடும். மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறிய பற்கள். சிலருக்கு நிமிர முடியாத முதுகு, மடக்க முடியாத முழங்கால். ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த அளவுக்கு மீறிய ஃபுளோரைடு தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. காவிரி பக்கத்திலேயே ஓடியும், அதைக் குழாய் வழியே கொண்டுவர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பிலான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பானியக் கடன் கிடைத்தது. அந்தக் கடன் இந்திய அரசின் வழியாகத்தான் தமிழகத்துக்கு வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் வேலை தள்ளிப்போனது. இரு மாநிலங்களின் உரசலும் வெளிநாட்டுக் கடனும் ஒரே அரசமைப்புக்குள் இருந்ததால்தான் அந்தத் தண்ணீர் கடைசியில் வீட்டு வாசலுக்கு வந்தது.

ஒவ்வொரு மத்திய பட்ஜெட்டுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் ஒரு கணக்கு பேசப்படுகிறது: நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் திரும்பி வருவது 29 காசு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 10-வது நிதிக்குழு பகிர்வுத் தொகையில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 6.637 சதவீதம், 15-வது நிதிக்குழு ஒதுக்கியது 4.079 சதவீதம். 2011 கணக்கெடுப்புப்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 6 சதவீதம் பேர் இங்கே வாழ்கிறார்கள். ஆனால் இந்தக் கோபம் சிலரிடம் ‘இப்படிப்பட்ட உறவே எதற்கு, தனியாகப் போனால் என்ன’ என்ற இடம் வரை போகிறது. அங்கேதான் கணக்கு தவறுகிறது. கொடுத்ததையும் வாங்கியதையும் மட்டும் கூட்டிக் கழிப்பதுதான் நியாயம் என்றால், அதே கணக்கைச் சென்னையும் கோவையும் ஓசூரும் தருமபுரியை நோக்கிப் போடலாம். வானம் பார்த்த நிலமும், வேலை தேடிப் பெங்களூருக்குப் பேருந்து ஏறும் இளைஞர்களும் நிறைந்த மாவட்டம் தான் செலுத்தும் வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒகேனக்கல் திட்டத்தைக் கட்டியிருக்குமா? கட்டியிருக்காது. இருப்பவரிடமிருந்து இல்லாதவருக்குப் போவது மாநிலத்துக்குள் நியாயம் என்றால், மாநிலங்களுக்கிடையிலும் அதுவே நியாயம்.

கொடுத்த பணத்தை மட்டும் எண்ணி ஒரு கூட்டமைப்பை விட்டு வெளியேறிய நாடு கண்முன் இருக்கிறது. வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது என்று பேருந்தில் எழுதி ஊர் ஊராகக் காட்டினார்கள் பிரிட்டனில். அந்நாடு பெற்றுவந்த தள்ளுபடியும், திரும்பி வந்த தொகையும் அதில் கழிக்கப்படவில்லை. 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றனர். அந்நாட்டு பட்ஜெட் பொறுப்பு அலுவலகமோ, வெளியேறியதால் நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. இத்தனைக்கும் பிரிட்டனுக்குச் சொந்த நாணயம் இருந்தது, சொந்த ராணுவம் இருந்தது, வெளியேற லிஸ்பன் ஒப்பந்தம் கொண்டுவந்த 50-வது பிரிவு வழியும் வகுத்திருந்தது. அப்படியிருந்தும், வட அயர்லாந்துக்குப் போகும் சொந்த நாட்டுச் சரக்குக்கே சோதனை வைக்க வேண்டிய நிலை வந்தது.

சாலையில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2021 ஜனவரி முதல் பிரிட்டன் ஆட்டிறைச்சி கடல் தாண்டி பிரான்ஸுக்குப் போக வேண்டுமானால், அதிகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும், சுங்கப் படிவங்கள் வேண்டும். நம்மிடம் நடந்தது இதற்கு நேர்மாறு. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, நல்லம்பள்ளியைக் கடந்து பெங்களூருக்குப் போகும் சரக்கு லாரி மாநில எல்லையில் ஒரு காலத்தில் வணிகவரிச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. பாலக்கோட்டுத் தக்காளிக்கு இருக்கும் எல்லையில்லாத இந்தச் சந்தையின் மதிப்பு எந்த 29 காசுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்பார்கள். மலேசியாவிலிருந்து 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்த தீவு எங்கேயோ போய்விட்டதே என்று கேட்பார்கள். கோலாலம்பூர் வெளியே போகச் சொன்னதால் நிகழ்ந்த பிரிவு அது. உலகக் கப்பல் வழியில் அமைந்த துறைமுகம் அதற்குக் கைகொடுத்தது. அதைவிட நாம் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஜொகூர் நீரைப் பெறும் 1961, 1962 ஒப்பந்தங்களுக்குப் பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதி வாங்கித்தான் சிங்கப்பூர் தனி நாடானது. அப்படியும் நீரின் விலை குறித்த தகராறு ஓயவில்லை. தமிழ்நாடு காவிரியின் கீழ்மடையில் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆண்டுதோறும் இழுபறி இருந்தாலும், கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு தீர்ப்பு நம் கையில் இருக்கிறது. தீஸ்தா ஆற்றின் கீழ்மடையில் இருக்கும் வங்கதேசத்துக்கு அது இல்லை. 2011-ல் தயாரான தீஸ்தா ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

வெளியேறுவோம் என்ற அச்சுறுத்தல் இல்லாவிட்டால் தில்லி நம்மை மதிக்குமா என்பது இன்னொரு கேள்வி; வலுவான கேள்வியும்கூட. இதற்கு நம் வரலாறே பதில் சொல்கிறது. 1962 மே மாதத்தில் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்காக வாதாடிய அண்ணா, சீனப் போருக்குப் பிறகு, பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கும் 16-வது அரசமைப்புத் திருத்தம் வந்த 1963-ல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை. பிறகு நடந்ததைப் பாருங்கள். 1965-ல் மொழிப் போராட்டம்; 1967-ல் அண்ணாவின் கட்சிக்குத் தேர்தல் வெற்றி; அதே ஆண்டு, ஆங்கிலம் தொடர்வதற்குச் சட்டப் பாதுகாப்பு தந்த ஆட்சிமொழித் திருத்தச் சட்டம்; 1968-ல் இருமொழிக் கொள்கை; 1969 பொங்கல் நாளில் தமிழ்நாடு என்ற பெயர்; 1994-ல் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஒன்பதாவது அட்டவணையின் காப்பு. இவை எல்லாமே பிரிவினைக் கோரிக்கை விலக்கப்பட்ட பிறகு, தெருவிலும் வாக்குச் சாவடியிலும் நாடாளுமன்றத்திலும் போராடிப் பெற்றவை. ஆகவே பங்கு கேட்பவரைப் பிரிவினைவாதி என்று தில்லியில் யாராவது முத்திரை குத்தினால், அது இந்த வரலாற்றுக்கே இழைக்கும் அநீதி.

கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்கவும் வேண்டும். பீகாருக்கு ஏன் அதிகம் என்ற கேள்வி நம்மைத் தவறான இடத்துக்கு இழுக்கிறது; தருமபுரிக்குத் தண்ணீர் தந்த அறம்தான் அங்கும் இருக்கிறது. பகிர்வின் அளவுகோலில் நம் பங்கு எவ்வளவு என்பதை நிதிக்குழுவின் முன் வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான அநீதி வேறிடத்தில் இருக்கிறது. மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று 15-வது நிதிக்குழு சொன்னது, பகிரத்தக்க வரித் தொகுப்பில் மட்டும். செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் மத்திய அரசு வசூலிப்பது அந்தத் தொகுப்புக்குள் வருவதே இல்லை. ஜிஎஸ்டி மன்றத்திலும் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பதால், எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் மத்திய அரசை மீறி எதுவும் நிறைவேறாது. செஸ்ஸுக்கும் கூடுதல் வரிக்கும் உச்சவரம்பு வேண்டும். அதைத் தாண்டும் தொகை பகிர்வுத் தொகுப்பில் சேர வேண்டும். மன்றத்தின் வாக்கு எடை மாற வேண்டும். இந்தக் கோரிக்கையில் பாட்னாவும் புவனேசுவரமும் நம்மோடு நிற்க முடியும். 1969-ல் ராஜமன்னார் குழு அமைத்து மாநில உரிமைப் பேச்சைத் தொடங்கிவைத்த தமிழ்நாடுதான் அவர்களை அழைக்க வேண்டும்.