பாசித் தண்ணீரைக் கொட்டாதீர்!

நீலாங்கரைப் பக்கத்து பங்களா நீச்சல் குளம் பாசி பிடித்துவிட்டால், "தண்ணியைத் திறந்து விடு" என்கிறார்கள். அநியாயம்! 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமென்றால் 75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஆறுக்கும் மேல். 2019 கோடையில் தாம்பரம், குரோம்பேட்டை சனங்கள் லாரிக்குக் குடத்தோடு நின்றது மறந்து போச்சா?

நண்பர்களே, மூட்டையாக ப்ளீச்சிங் பவுடர் கொட்டியும் பயனில்லை. நம்ம லேபில் பார்த்த அதே பி.எச். சமாச்சாரம்தான். 7.5-ல் குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான். முதலில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 7.2-க்கு இறக்குங்கள். பொழுது சாய்ந்தபின் குளோரின். பகலில் போட்டால் வெயிலே தின்றுவிடும். சுவரைத் தேய்த்து, ஃபில்டரை நாள் முழுக்க ஓட்டினால் சில நாளில் தரை தெரியும். அமிலத்தையும் பவுடரையும் மட்டும் ஒரே வாளியில் கலந்துடாதீங்க, விஷ வாயு கிளம்பும்!