தன்னை ஆளாதவர் தலைவராகலாமோ?

தலைவராக வேண்டும், வெற்றி பெற வேண்டும் என்னும் வேட்கை இற்றைத் தமிழிளைஞரிடை மிகுந்து வருகின்றது. வேட்கை குற்றமன்று, ஓரினத்திற்குத் தலைமை தாங்க எவரும் முன்வாராமையே குற்றம். ஆயின், அவ்வேட்கைக்கு வழிகாட்டுவனவாக விற்கப்படும் வெற்றி நூல்களையும், கட்டணம் பெற்று நடத்தப்பெறும் ஆளுமைப் பயிற்சி வகுப்புகளையும் நோக்குங்கால் நெஞ்சம் கவல்கின்றது. எங்ஙனம் முறுவலிப்பது, எங்ஙனம் கைகுலுக்குவது, எந்நிறத்து உடை உடுப்பது, பிறர் பெயரை நினைவிற்கொண்டு அழைத்து அவரை எங்ஙனம் தம்வயப்படுத்துவது என்பனவே அவற்றுட் பலவற்றின் பிழிவு. இவை வணிகனுக்குப் பயன்படலாம். ஓரினத்தின் மீட்சிக்காக உழைக்கப் புகுவார்க்கு இவை இலையேயன்றி வேராகா.

தூயதமிழ் இயக்கத்தார்க்கு இஃது அயல்வீட்டுச் செய்தியுமன்று. ஒரு மொழி, ஓரினம், ஒரு நாடு என்று முழங்கும் நாம் எத்தனை அமைப்புகளாய்ப் பிரிந்து கிடக்கின்றோம்! பிரிந்தாருள் கொள்கை வேறுபாட்டாற் பிரிந்தார் சிலரே. மேடையில் எவர் நடுவே அமர்வது, சுவரொட்டியில் எவர் படம் பெரிதாவது, திரட்டிய பணத்திற்கு எவர் கணக்குக் காட்டுவது என்பவற்றாற் பிரிந்தாரே பலர். பகைவர் நம்மை உடைத்ததினும் நம் தலைவர்தம் உள்ளத்துச் சிறுமை நம்மை உடைத்ததே மிகுதி. ஆகலின், தலைவராவார் தம்மை எங்ஙனம் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதனை நாம் எண்ணியே ஆதல் வேண்டும்.

முதற்கண் வெற்றியாவது யாது என்று தெளிவோம். பதவி எய்துதல் வேறு. குறிக்கோள் எய்துதல் வேறு. தமிழின் பேரால் எழுந்த கிளர்ச்சியின் பின் 1967-இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. 1968-இல் இருமொழிக் கொள்கை அறிவிக்கப்பட்டது. ஆயினும், தமிழ்நாட்டுப் பள்ளியிற் பயிலும் பிள்ளை தமிழைக் கற்றே ஆகவேண்டும் என்னும் சட்டம் 2006-இல்தான் இயற்றப்பட்டது. இடைப்பட்ட 39 ஆண்டுகளில் தமிழெழுத்தே அறியாமற் பள்ளிப்படிப்பை முடித்து வெளியேற வழி திறந்தே கிடந்தது. நாற்காலி கிடைத்த நாளையே வெற்றிநாள் என்று எண்ணியவர்கள் குறிக்கோளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டனர். இதற்கு ஒருவரை மட்டும் பழித்துப் பயனில்லை. வெற்றி என்னும் சொல்லுக்கே நாம் பிழையான பொருள் கொண்டோம் என்பதே உண்மை.

இனி, நம் பேராசான் வள்ளுவர் இதனை எவ்வாறு அமைத்தார் என்று காண்க. திருக்குறளின் 133 தலைப்புகளுள் வெற்றி என ஒன்று இல்லை. பொருட்பால் 39-ஆம் தலைப்பாகிய இறைமாட்சியிற் றொடங்குகின்றது. அதனை அடுத்துப் படையைப் பேசினாரல்லர், பொருளைப் பேசினாரல்லர். கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை என ஏழு தலைப்புகளை நிறுத்தினார். ஏழும் ஆள்வோன் தன்னைத்தான் ஆக்கிக்கொள்வதைப் பற்றியன. இவ்வேழையுங் கடந்த பின்னரே 47-ஆம் தலைப்பாகத் தெரிந்துசெயல்வகை வருகின்றது. அங்குத்தான் செயல் தொடங்குகின்றது. படைமாட்சியோ 77-ஆவது. செயலைப் பற்றிய பகுதியிலும் வினைத்தூய்மை முன்னும் வினைத்திட்பம் பின்னுமாக நிற்றலைக் காண்க. தூய்மையில்லாத் திட்பம் கொள்ளையர்க்கும் உண்டன்றோ? ஒவ்வொரு குறளும் ஓர் அறிவுரை; அவற்றின் வைப்புமுறையோ அனைத்தினும் பேரறிவுரை. நாமோ அம்முறையைத் தலைகீழாக்கி, படையை முதலிலும் பொருளை அடுத்தும் திரட்டி, கல்வியை ஓய்வுபெற்ற பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கின்றோம்.

இம்முறையைத் தம் வாழ்வில் நடத்திக் காட்டிய தமிழ்த்தலைவர் எவரேனும் உளரோ என வினவின், உளர் என்க. அவர் வ. உ. சிதம்பரனார்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இற் பிறந்த அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்று சிறு பிள்ளைகளும் அறிவர். 1906 அக்டோபர் 16-இல் பதிவு செய்யப்பெற்ற சுதேசி நாவாய்ச் சங்கத்திற்குப் பத்திலக்க உருபா முதல் குறிக்கப்பட்டது. பங்கொன்று 25 உருபாவாக 40,000 பங்குகள் வகுக்கப்பட்டன. அச்சங்கத்திற்குத் தலைவராக அமைந்தவர், 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய வள்ளல் பாண்டித்துரைத் தேவரே. தமிழை வளர்த்த கையும் கப்பலை வாங்கிய கையும் ஒன்றாயிருந்த காலம் அது. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது சிதம்பரனார் அவர்பால் நின்று கூலியுயர்வும் வாரவிடுமுறையும் பெற்றுத் தந்தார். அவ்வாண்டே அவர்க்குக் கடுந்தண்டம் விதிக்கப்பட்டது. நடுவர் பின்கே விதித்த இரட்டை வாழ்நாள் தண்டம் மேல்முறையீட்டாற் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையிற் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். 1912 திசம்பரில் விடுதலையானார்.

இதுகாறும் யாவரும் அறிந்தது. அச்சிறையில் அவர் செய்த மற்றொரு வேலையை நம்மவருட் பலர் அறியார். சேம்சு ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளர், மாந்தன் தன் எண்ணங்களால் ஆக்கப்படுகிறான் என்னும் கருத்தை வைத்து எழுதிய சிறுநூலைச் சிதம்பரனார் தமிழாக்கினார். அது ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில், அவர் சிறையிலிருக்கும்போதே 1909-இல் வெளிவந்தது. அவ்வாசிரியரின் வேறு சில நூல்களையும் ‘அகமே புறம்’ முதலிய பெயர்களில் அவர் பின்னர்த் தமிழுக்குத் தந்தார். இன்று கடைதோறுங் குவிந்திருக்கும் வெற்றி நூல்களுக்கு முன்னோடிகளுள் ஒன்று அவ்வாங்கிலச் சிறுநூல். வேறுபாடு யாதெனின், முன்னோடி உள்ளத்தூய்மையைப் பேசிற்று. வழிவந்தவற்றுட் பல உலகை மயக்கும் வகையைப் பேசுகின்றன. ஆங்கிலர் கப்பலை எதிர்த்துக் கப்பல் விட்டவர், ஆங்கிலர் சிறையிலிருந்துகொண்டே ஆங்கிலர் ஒருவரின் நல்லெண்ணத்தைத் தமிழாக்கினார் என்பதனை நாம் உற்றுநோக்கல் வேண்டும். அயன்மொழியாட்சியை எதிர்த்தல் அயலார் அறிவை வெறுத்தலாகாது.

அதனோடு அவர் அமைந்தாரல்லர். கண்ணனூர்ச் சிறையில் ‘மெய்யறம்’ என்னும் தம் சொந்த அறநூலை இயற்றினார். அது 1914-இல் அச்சேறியது. அதன் 125 தலைப்புகளும் ஐந்து இயல்களாகப் பகுக்கப்பட்டுள. அரசியல் அவற்றுள் முதலியலன்று, மூன்றாமியல். முதலியல் மாணவரியல், இரண்டாவது இல்வாழ்வியல். அரசை எதிர்த்துச் சிறைப்பட்ட அரசியல் தலைவர் ஒருவர், அரசியலைப் பேசுமுன் மாணவனாயிருக்கக் கற்றுக்கொள், பின்னர் வீட்டை நடத்தக் கற்றுக்கொள், அதன்பின் நாட்டுக்கு வா என்று முறைப்படுத்துகின்றார். வள்ளுவர் வைப்புமுறையும் சிதம்பரனார் வைப்புமுறையும் ஒன்றையே சொல்லுதல் காண்க.

“அவர் தோற்றாரன்றோ? நாவாய்ச் சங்கம் 1911-இற் கலைக்கப்பட்டதன்றோ? வெளிவந்தபோது அவர்க்கு வரவேற்பு நல்கத் திரண்ட கூட்டம் எங்கே? வழக்குரைக்கும் உரிமையும் இழந்து வறுமையில் உழன்றாரன்றோ? அவரை வெற்றித் தலைவர்க்கு எடுத்துக்காட்டாகக் காட்டலாமோ?” என்று வினவுவார் உளர். வினா நேரியதே. விடையும் நேராகச் சொல்வோம். அவர் கைவிட்டுப் போனவை பிறர் பறிக்கக்கூடியவை. கப்பலைப் பறிக்கலாம், தொழிலுரிமையைப் பறிக்கலாம், கூட்டத்தைக் கலைக்கலாம். செக்கடியிலும் கற்கும் உள்ளத்தைப் பறித்தல் எவர்க்கும் இயலவில்லை. விடுதலையான பின்னரும் அவர் தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார்; திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை வரைந்தார். கசந்த நெஞ்சம் ஏடு பதிப்பிக்குமோ? 1936-இல் அவர் மறைந்தார். அவரைச் செக்கிழுக்க வைத்தவர்களின் பெயரை ஆய்வாளரன்றிப் பிறர் அறியார். அவர் பெயரைத் தமிழ்நாடு மறக்கவில்லை. இதுவன்றோ வெற்றி!

மொழிப்பணியில் இதே உறுதியைப் பாவாணரிடங் காண்கின்றோம். 1961-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய அவர்க்கு, 1974-இல் அகரமுதலித் திட்ட இயக்குநராகும் வரை நிலையான அலுவல் இல்லை. அப்பதின்மூன்றாண்டும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். பெருஞ்சித்திரனார் ‘தென்மொழி’ வாயிலாகத் திட்டம் வகுத்துப் பொருள் திரட்ட, எளிய அன்பர்தம் சிறுதொகைகள் அப்பணியைத் தாங்கின. 1981 சனவரியில், உலகத்தமிழ் மாநாட்டிற்கு வந்த மதுரையிலேயே பாவாணர் உயிர் நீத்தார். தலைமை என்பது பதவியில் இல்லை, பணியில் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சோழவந்தானிற் பிறந்த அரசஞ்சண்முகனாரையும் ஈண்டு நினைதல் தகும். 1868-இற் பிறந்து 1915-இல் மறைந்த அவர் 47 ஆண்டளவே வாழ்ந்தார். மதுரைத் தமிழ்ச்சங்கக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், தொல்காப்பியத்தின் சிறு பாயிரத்திற்கு மட்டுமே பாயிரவிருத்தி என ஒரு தனிநூல் வரைந்தார். வாயிலையே கடவாது உள்ளே புகுந்ததாகக் கூறுதல் அவர் வழக்கமன்று. நம் தலைவர்களோ தொல்காப்பியத்தைத் தொடாமலே மேடைதோறும் தொல்காப்பியர்க்கு வாழ்த்துரைக்கின்றனர்.

இவ்வூர் வெற்றிலைக்குப் பெயர் பெற்றது. கொடிக்கால் அமைக்கும் உழவர் முதலில் அகத்தியை விதைப்பர். அகத்தி வளர்ந்து நிழலும் பிடியுந் தந்த பின்னரே கொடியை நட்டு அதன்மேல் ஏற்றிக் கட்டுவர். அகத்தியின்றிக் கொடியை நடின் அது தரையிற் படர்ந்து வெயிலிற் காயும். படிப்பறியா உழவர் அறிந்த இம்முறையைப் பட்டம் பெற்ற தலைவர் அறியாதிருத்தல் வியப்பே.

ஆகலின், தலைமை வேட்கை கொண்ட இளைஞர்க்கு யாம் சில கூறுவோம்.

முதலாவது, நாடோறும் ஒரு நாழிகையேனும் கற்க. பேசுதற்காகக் கற்றலன்று, அறிதற்காகக் கற்றல். ஒரு திங்களில் ஒரு நூலும் படியாதவர் அத்திங்கள் மேடையேறாதிருத்தல் நன்று.

இரண்டாவது, தம் குற்றத்தைத் தாமே எழுதிப் பார்க்க. மறைமலையடிகள் 1898 முதல் அரைநூற்றாண்டுக்கு மேலாக நாட்குறிப்பு எழுதிவந்தார். அதனை அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்று சுட்டி நகைப்பாருளர். எம்மொழியில் எழுதினார் என்பது நிற்க. ஒருநாட் செயலுக்கு அன்றே தம் நெஞ்சிற்குக் கணக்குக் காட்டிய அப்பழக்கம் அவரை நகைப்பவர்க்கு உண்டோ?

மூன்றாவது, தம் முகத்துக்கெதிரே தம் குற்றத்தைக் கூறவல்ல இருவரையேனும் அருகில் வைத்துக்கொள்க. பெரியாரைத் துணைக்கொள்ளுதல் என்று வள்ளுவர் வகுத்தது, பொன்னாடை போர்த்துவாரைச் சூழ வைத்துக்கொள்வதன்று.

நான்காவது, பொதுப்பணத்திற்கு ஆண்டுதோறும் அச்சிட்ட கணக்கு வெளியிடுக. பத்து உருபா கொடுத்த தொண்டனும் அதனைப் படித்துப் பார்க்க உரிமையுடையான். கணக்கை மறைத்த நாளே கட்சி பிளந்த நாள்.

ஐந்தாவது, சொன்னதைத் தம் வீட்டில் முதலிற் செய்க. தமிழ்வழிக் கல்விக்கு மாநாடு கூட்டிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளி வண்டியில் ஏற்றி விடுபவரின் முழக்கத்தை அப்பிள்ளையே நம்பாது. நாடு எங்ஙனம் நம்பும்?

ஆறாவது, தமக்குப்பின் அப்பணியைச் செய்வார் மூவரையேனும் தாம் உயிரோடிருக்கும்போதே உருவாக்குக. தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச்சங்கம் 1911-இல் தோன்றியது. அதன் தலைவர் தமிழவேள் உமாமகேசுவரனார் தாம் மறைந்த 1941 வரை முப்பதாண்டு அதனை ஒரே நோக்கொடு காத்தார். அவர் மறைந்த பின்னும் அச்சங்கம் மறையவில்லை. தலைவரோடு அழியும் அமைப்பு அமைப்பன்று; அவர் நிழல்.

இவ்வாறும் எளியனவே. இவற்றுக்குக் கட்டண வகுப்பு வேண்டா. வெளிநாட்டுப் பயிற்சியாளர் வேண்டா. வேண்டுவது உள்ளத்து உறுதி ஒன்றே. தமிழ் தாழ்ந்தது தமிழர்க்கு ஆற்றல் இன்மையாலன்று. ஆற்றலுடையார் தம்மை ஆளாமையால். தன் சினத்தை, தன் புகழ்வேட்கையை, தன் நாவை, தன் பணப்பையை ஆளமாட்டாதவர் ஒரு நாட்டை மீட்பேன் என்பது வெறுஞ்சொல்.

இளைஞீர்! தலைவராகுங்கள், தடையில்லை. ஆனால் கொடியை ஏற்றுமுன் அகத்தியை வளர்த்துக்கொள்ளுங்கள். நும்மை நீவிர் வென்றாலன்றித் தமிழ் வெல்லாது.