புல்லட் யாருடைய வண்டி?

மோட்டார் சைக்கிள் என்ற சொல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வருகிறது. எத்தனை தோழர்களுக்கு இது தெரியும்? 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை 2015ல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் 3(1)(இசட்-ஏ)(பி) என்ற உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்பு போடுவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதை, அதில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

குடியரசாகி அறுபத்தாறு ஆண்டு கழித்து, வண்டி ஓட்டவிடாமல் தடுக்கக் கூடாது என்று ஒரு நாடு சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. நடக்காத குற்றத்துக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், நாங்கள் புது வண்டி எடுத்திருக்கிறோம். சிறுசேரியில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நான்கு பேர் நாங்கள். மூன்று பேருக்கு சிப்காட் ஐடி பூங்காவில் ஒப்பந்த வேலை, ஒருவர் சட்டம் படிக்கிறார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் வைத்து, ஒரு புல்லட் 350 வாங்கினோம். ஒரு மாதம் ஓட்டியாயிற்று. 'எப்படி இருக்கு?' என்று கேட்ட தோழர்களுக்கு முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

349 சிசி இன்ஜின், 195 கிலோ எடை, 13 லிட்டர் டேங்க். தினமும் வேலைக்குப் போக இது அளவான வண்டியா என்றால், கணக்குப்படி இல்லை. 125 சிசி வண்டி இதில் பாதி விலைக்குக் கிடைக்கும், ஏறக்குறைய இரண்டு மடங்கு மைலேஜ் தரும். எங்களுக்கு லிட்டருக்கு 35 கிலோமீட்டரை ஒட்டிக் கிடைக்கிறது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டுச் சாலை குறுகிய இடங்களில், காலை நெரிசலில், அந்த 195 கிலோவும் இடது கையிலும் முழங்காலிலும் தெரியும். கேளம்பாக்கம் சந்திப்பைத் தாண்டுவதற்குள் கிளட்ச் பிடித்த விரல் வலிக்கும். ஆனால் இழுவை நல்ல இழுவை. கியரை அடிக்கடி மாற்றாமல் இரண்டாவதிலேயே ஊர்ந்து போகலாம். பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் வண்டி திணறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவளம் சாலையில் கடல் காற்று எதிரே வர, அறுபதில் போகும்போது, கையில் இருந்த வலி மறந்துபோகிறது.

அப்படியென்றால் 125 சிசி வண்டியே எடுத்திருக்கலாமே? எடுத்திருக்கலாம். புல்லட் எடுத்ததற்குக் காரணம் மைலேஜ் கணக்கில் இல்லை. எங்கள் அப்பாக்கள் காலத்தில் புல்லட்டில் வந்தது யார் என்று நினைத்துப் பாருங்கள். பண்ணையார் வந்தார், காவல் ஆய்வாளர் வந்தார், வட்டிக்குக் கொடுத்தவர் வந்தார். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டால் திண்ணையில் இருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் சென்னையில் இந்த வண்டியைக் கோக்கத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமத்தில் அது அதிகாரத்தின் வண்டி. இன்று அதே வண்டி ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகிறது. அந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு விடியற்காலை ஷிப்ட் பேருந்து ஏறுகிறவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செய்கிற கை நம்முடையதாக இருக்கலாம், ஓட்டுகிற கை மட்டும் இருக்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

இப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது, மூன்று பேர் கைதானார்கள். 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் டிம்பி என்ற ஊரில் சொந்தக் குதிரை வைத்து ஓட்டிய தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை ஓட்டியதுதான் காரணம் என்று அவருடைய அப்பா புகார் கொடுத்தார். ஒன்று குதிரை, இன்னொன்று 349 சிசி இன்ஜின். இரண்டிலும் ஏறி உட்கார்ந்தவர் தரையில் நிற்பவரைவிட உயரமாகத் தெரிகிறார். அந்த உயரத்தைத்தான் சாதி பொறுப்பதில்லை.

இப்படி வழக்கு வரும்போதெல்லாம் 'முன்விரோதம்' என்றொரு சொல் கூடவே வரும். தோழர்களே, அந்தச் சொல்லைக் கேட்டதும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: அந்த விரோதம் எதில் ஆரம்பித்தது? வண்டியை நிறுத்தச் சொன்னதிலா, ஹாரன் அடித்ததிலா, தெருவில் இறங்கித் தள்ளாமல் போனதிலா? விரோதத்தின் வேரே சாதியாக இருந்தால், முன்விரோதம் என்பது சாதிக்கு வைத்த மறுபெயர்.

வண்டிக்கும் நமக்குமான இந்தக் கணக்கு பழையது. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் இரண்டு பயணங்களைச் சொல்கிறார். 1901ல், சிறுவனாக, அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா மகனோடும் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்தார்கள். வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார் என்பது ஏற்பாடு. 1929ல், அரசுக் குழு உறுப்பினராக இருந்த அதே அம்பேத்கர் சாலிஸ்காவ் போகிறார். குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு ஓட்ட மறுத்துவிட்டார்கள். வாடகைக்கு வண்டி மட்டும் கிடைத்தது. ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி மோதி, அண்ணல் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டில் படித்து வந்த பாரிஸ்டருக்கே அன்று வண்டி கிடைக்கவில்லை. சொந்த வண்டி நமக்கு ஏன் வெறும் பொருளாக இருப்பதில்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சாலைக்கும் இதே கதைதான். இரட்டைமலை சீனிவாசன் நம் செங்கல்பட்டு மண்ணில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். பொதுச் சாலை, கிணறு, குளம், கட்டடம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அந்தத் தீர்மானம் நிறைவேறிய பிறகும் சைக்கிளை ஊர்த்தெருவில் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு.

சிறுசேரியில் இந்த வண்டிக்கு ஒரே கேள்விதான் வருகிறது: 'ப்ரோ, மைலேஜ் என்ன?' காவலாளி கேட்கிறார், டீக்கடையில் கேட்கிறார்கள், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கேட்கிறார். இதைக் கண்டு, ஓஎம்ஆரில் சாதி இல்லை என்று சில தோழர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். வீடு தேடிப் போகும்போது அதே ஓஎம்ஆரில் 'சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?' என்ற மூன்று கேள்வியும் வரிசையாக வரும். சாலை கேட்காததை வீட்டு வாசல் கேட்கும். போகிற வண்டிகளையும் கவனியுங்கள். பெட்ரோல் டேங்கிலும் நம்பர் பிளேட்டுக்கு மேலும் சாதிப் பெயரையும் சாதிச் சின்னத்தையும் ஒட்டிக்கொண்டு எத்தனை வண்டி போகிறது? நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளையின் சைக்கிள் வரைக்கும் சாதி பூசப்பட்டிருக்கிறது.

புல்லட் எடுத்ததற்கு எங்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்தது. இரண்டையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதலாவது, நம் தோழர்கள் சொன்னது: 'இது நுகர்வு மோகம். ஆதிக்கச் சாதிக்காரனைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும் வேஷம். தவணை கட்டியே சம்பளம் கரையும்.' தவணை விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. ஆன்-ரோடு விலை இரண்டு லட்சத்தைச் சுற்றி வருகிறது. ஒரு ஆளின் ஒப்பந்தச் சம்பளத்தை நம்பி இதை எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கூட்டாக எடுத்ததால் எங்களால் தாங்க முடிகிறது. ஆனால் 'வேஷம்' என்ற சொல்லை ஏற்க மாட்டோம். மற்றவர் எடுத்தால் ஆசை, நாம் எடுத்தால் வேஷமா? நல்ல சட்டை, நல்ல செருப்பு, நல்ல வண்டி என்று நம் மக்கள் ஆசைப்பட்ட ஒவ்வொரு பொருளும் ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட பொருள். கோட்டும் சூட்டும் போட்ட அம்பேத்கரைச் சிலையாக வைக்கும் நாம் இதை மறக்கலாமா?

இரண்டாவது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது: 'வண்டியை அங்கேயே ஓட்டுங்கப்பா. ஊருக்கு எடுத்துட்டு வராதீங்க. வந்தாலும் ஊர்த்தெருவில இறங்கித் தள்ளிட்டு வாங்க.' இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர்கள் பார்த்ததை நாம் பார்க்கவில்லை. குடிசை எரிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். வீறாப்பில் ஒரு பிள்ளையின் கை போவதை நாங்களும் விரும்பவில்லை. ஆனால் பிள்ளை இறங்கித் தள்ளுகிற ஒவ்வொரு முறையும் 1924 தீர்மானம் ஒரு அடி பின்னால் போகிறது. அதனால் எங்கள் முடிவு இது: வண்டி ஊருக்குப் போகும். யாரும் தனியாகப் போக மாட்டோம், வேகம் காட்ட மாட்டோம், ஹெல்மெட் இல்லாமல் போக மாட்டோம், இறங்கியும் தள்ள மாட்டோம்.

யாராவது தடுத்தால் என்ன செய்வது? மாணவத் தோழர்கள் இதை மனப்பாடம் செய்து வையுங்கள். கைகலப்புக்குப் போகாதீர்கள். சாட்சியைப் பாருங்கள், முடிந்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். தடுத்தவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், 3(1)(இசட்-ஏ)(பி) என்று பிரிவையும் எழுதுங்கள். 2018ல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, வழக்குப் பதிய முதல்கட்ட விசாரணை தேவையில்லை. 'விசாரித்துவிட்டுப் பதிகிறோம்' என்று காவல் நிலையத்தில் சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். 15ஏ பிரிவின்படி, ஜாமீன் மனு உட்பட நீதிமன்ற நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவரின் குரலையும் கேட்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் மீது 4ஆம் பிரிவு பாயும். ஓட்டுநர் உரிமம், காப்பீடு, ஆர்.சி. மூன்றையும் சரியாக வைத்திருங்கள். நம்மைத் தடுத்தவனை விட்டுவிட்டு நம் வண்டியைப் பறிமுதல் செய்ய யாருக்கும் வாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை ஆண்பிள்ளைக் கட்டுரையாகிவிடும். எங்கள் படிப்பு வட்டத்துப் பெண் தோழர்கள் கேட்டார்கள்: 'உங்களுக்கு புல்லட் விடுதலை, எங்களுக்கு?' 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கேலியைத் தாண்டித்தான் ஓட்டினார்கள். எங்கள் வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண் தோழர்களுக்கு ஞாயிறு காலை சாவி தயார். ஆனால் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள், இதே ஓஎம்ஆர் அலுவலகங்களைத் துப்புரவு செய்ய விடியுமுன் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பேருந்து. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த உரிமை பயன்பட வேண்டுமானால் பேருந்து வர வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வரும்போது, அதன் கட்டணம் அந்தப் பெண்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். நம் இயக்கம் புல்லட்டுக்காகப் பேசும் அதே குரலில் இதற்கும் பேச வேண்டும்.

கான்ஷிராம் 1983ல் சைக்கிளில் ஊர் ஊராகப் பேரணி நடத்தி ஓர் அரசியலைக் கட்டினார். சக்கரம் நம்மிடம் வந்தால் சேரிக்கும் சேரிக்கும் நடுவே தூரம் குறையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் புல்லட்டும் அதற்குத்தான். வாரநாளில் அது வேலைக்குப் போகும் வண்டி. விடுமுறையில் அது சட்டப் புத்தகத்தையும் துண்டறிக்கையையும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. உங்கள் ஊரில் படிப்பு வட்டம் நடத்த இடம் இருந்தால் சொல்லுங்கள், வருகிறோம். ஊர்த்தெரு வழியாகத்தான் வருவோம்.

ஜெய் பீம்!