வீடே சக்கரத்தில் வருது... நிறுத்த இடம் எங்கே?

கேரவன் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? சினிமா நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி. ஷூட்டிங் நடக்கும் இடத்தில் மரத்தடியில் நிற்கும். கதவு திறந்தால் கூட்டம் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான்.

இப்போது அதே மாதிரி வண்டி குடும்பங்களுக்கும் வாடகைக்கு வருகிறது. உள்ளே கட்டில், சின்ன சமையல் மேடை, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் இருக்கும். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கு என்றே தனிக் கொள்கை அறிவித்தது. தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு.

ரிடையர் ஆன தம்பதிகளுக்கு இதில் ஆசை வருவது நியாயம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். கிராஜூவிட்டி பணம் பாங்கியில் கிடக்கிறது. ரெயிலில் முன்பு வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணத் தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். லாட்ஜுக்குப் போனால் மூன்றாவது மாடியில் ரூம் தருகிறார்கள். முட்டி வலிக்காரர் என்ன செய்வார்? நம்ம கட்டில் நம்ம கூடவே வந்தால் நல்லதுதானே என்று தோன்றத்தான் செய்யும்.

சரி, வரட்டும். அந்த வண்டி திருவண்ணாமலைக்கு வந்து சேரட்டும். அப்போது தெரியும் சேதி!

எங்கே கொட்டுவது?

சென்னையில் இருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக சுமார் 190 கி.மீ. வழியெல்லாம் பிரச்சினை இல்லை. செஞ்சிக் கோட்டையைக் கீழே நின்று பார்த்துவிட்டுக்கூட வரலாம். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் வம்பு. மாட வீதி தேர் ஓடும் வீதி. அகலத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த அகலம் முழுக்க ஆட்டோ, பூக்கடை, தள்ளுவண்டி, நடக்கிற ஜனம். பஸ் அளவு வண்டி உள்ளே போனால் திரும்புவதற்குள் டிரைவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

பவுர்ணமி அன்று கேட்கவே வேண்டாம். லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றுகிறது. வெளி ரோடுகளில் தற்காலிக பஸ் நிலையம் போட்டு, வண்டிகளை அங்கேயே மடக்கிவிடுவார்கள். அங்கிருந்து கோவிலுக்குப் போவதே வயதானவர்களுக்கு ஒரு கிரிவலம்!

இதெல்லாம்கூட சமாளிக்கலாம். பெரிய சங்கடம் வேறு. வண்டியில் கக்கூஸ் இருக்கிறது என்கிறார்கள். அதன் தொட்டி சில நாளில் நிரம்பிவிடும். எங்கே கொட்டுவது? ஏரிக்கரையிலா? கிரிவலப் பாதை ஓரத்து முட்செடியிலா? வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் பிரிட்ஜைக் காட்டுவார்கள், டி.வி.யைக் காட்டுவார்கள். இந்தக் கேள்வி கேட்டால் மட்டும் "அது டிரைவர் பார்த்துக்குவாருங்க" என்று சொல்லத் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் ரிடையர் ஆனவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் கேரவனில் ஊர் சுற்றுகிறார்கள். நரைமுடி நாடோடிகள் என்று அவர்களுக்கு அங்கே பெயரே உண்டு. அந்தப் பிழைப்பு ஓடுவது வண்டியின் சொகுசால் மட்டும் இல்லை. அங்கே சின்னச் சின்ன ஊரில்கூட தண்ணீர் பிடிக்கக் குழாயும், கக்கூஸ் தொட்டியைக் காலி செய்ய மூடி போட்ட குழியும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வண்டி முதலில் வந்துவிட்டது. குழி பின்னால் வரும்போலிருக்கிறது.

மாத்திரை விஷயம்

இது கேரவனில் வருகிற பணக்காரர் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேனில் வருகிறவர்களுக்கும், பஸ்சில் வருகிறவர்களுக்கும் இதே கதிதான்.

வயதான அம்மாக்கள் பலர் வெளியூர் கிளம்பினால் முதலில் செய்கிற காரியம், தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. அடுத்தது, ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையை விழுங்காமல் விடுவது. "போற வழியில இறங்க இடம் இருக்காதே, எதுக்கு வம்பு?" என்பார்கள். வெயிலில் இது ஆளையே சாய்த்துவிடும். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்று கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தாங்களாக நிறுத்தக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, நாலு எட்டு நடந்துவிட்டு ஏற வேண்டும். இல்லாவிட்டால் கால் வீங்கும்.

இன்சுலின் போடுகிறவர்கள் வண்டியில் இருக்கும் பிரிட்ஜை நம்பி இருந்துவிடக் கூடாது. வண்டியை அணைத்து வெயிலில் நிறுத்தினால், கரண்டு தீர்ந்ததும் அதுவும் வெறும் பெட்டிதான். கோவிலுக்குப் போகிற 3 மணி நேரத்தில் வண்டி அடுப்பாகிவிடும். மருந்தைக் குளிர் பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

கிரிவலம் 14 கி.மீ. செருப்பில்லாமல் நடப்பதுதான் வழக்கம். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பகல் தாரில் நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ராத்திரி பார்த்தால் புண். அவர்கள் கெட்டி சாக்ஸ் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்பலாம். முடிந்த மட்டும் நடந்துவிட்டு, மீதியை ஆட்டோவில் சுற்றலாம். சாதாரண நாளில் வண்டி போகிற பாதைதான். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு இன்னொரு சேதி. கார்த்திகை தீபத்துக்கு வண்டி கட்டுகிற நேரம், உயிர்ச் சான்று கொடுக்கிற நவம்பரிலும் வந்து விழும். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். ஆனால் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது மேல்.

அம்மாளுக்கு ஓய்வு எப்போ?

ஐயா 58-லோ 60-லோ ரிடையர் ஆகிவிட்டார். அம்மாளுக்கு ரிடையர்மெண்ட் உண்டா? 40 வருஷமாக அடுப்படி. ஊர் சுற்றக் கிளம்பினால் அடுப்படியும் கூடவே ஏறிக்கொள்கிறது! "உன் கையால ரசம் சாப்பிட்டாத்தான் எனக்கு ஒத்துக்கும்" என்று ஐயா சொல்வார். அம்மாள் மலையைப் பார்ப்பதா, பருப்பு வெந்ததா என்று பார்ப்பதா?

கேரவனில் அந்தச் சமையல் மேடையை வெந்நீர் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திருவண்ணாமலையில் இட்லிக்குப் பஞ்சமில்லை. கோவிலில் அன்னதானம் உண்டு. மூடின வண்டிக்குள் கேஸ் அடுப்பு எரிப்பது ஆபத்தும்கூட. ராத்திரியில் சிலிண்டரை மூடாமல் படுக்கவே கூடாது.

டிரைவரை மறந்துவிடுகிறார்கள். இங்கே வாடகைக் கேரவன் பெரும்பாலும் டிரைவரோடுதான் வருகிறது. முதலாளி உள்ளே ஏ.சி.யில் தூங்குவார். டிரைவர் ஸ்டியரிங் மேல் தலை வைத்துக் கொசுக்கடியில் கிடப்பார். மறுநாள் செங்கம் ரோட்டில் அதே ஆள்தான் வண்டி ஓட்டவேண்டும். வண்டியின் ஒரு நாள் வாடகை, சாதாரண லாட்ஜ் வாடகையைப் போலப் பல மடங்கு. அவ்வளவு கொடுப்பவர்கள், டிரைவருக்கு ஒரு கட்டிலுக்கும் காசு கொடுக்கலாம்.

27 நாள் சும்மா

ஊர் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பவுர்ணமிக்கும் தீபத்துக்கும் வெளி ரோடுகளில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்குகிறார்களே, பவுர்ணமிக் கூட்டம் கலைந்தால் மாதத்தில் மீதி 27 நாள் அந்த இடங்களுக்கு அந்த வேலை இல்லை. அதில் இரண்டை எடுத்துச் சாதாரண நாளில் வேனுக்கும் கேரவனுக்கும் விடலாம். குழாய், விளக்கு, சுத்தமான கழிவறை, கைப்பிடி வைத்த மேல்நாட்டு கக்கூஸ் ஒன்றாவது, தொட்டியைக் காலி செய்ய ஒரு குழி, ராத்திரி வாட்ச்மேன். கோவிலுக்குப் போய்வரச் சின்ன வண்டி. பணம் வாங்கட்டும், தப்பில்லை. கேரவன்காரரிடம் கூடுதலாகவே வாங்கட்டும். அந்தக் காசில் வேனில் வந்த பாட்டிக்கும் கழிவறை கழுவிவிடலாம்.

கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பெரிய எழுத்தில் போர்டு எழுதி வைத்துவிட வேண்டும். போர்டு இல்லாவிட்டால் ஆளைப் பார்த்து ரேட் சொல்ல நாலு பேர் வந்து நிற்பார்கள்.